அத்தியாயம் 9: மூன்றாம் நாள் அடைக்கிற வண்டி

“ரெண்டு நாள் நல்லாத்தானுங்க ஓடுது. மூணாம் நாள் மலையேறும்போது அடைக்குதுங்க. அப்புறம் தானாவே சரியாயிருதுங்க.”

வால்பாறைக்காரர் ஒருவர் தன் ஜிப்சியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார். வண்டி பிறந்தபோது அதிலிருந்தது 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், 45 குதிரைத்திறன். அது ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், ஜிப்சி கிங்கில் வருகிற 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜினைப் புதுப்பேட்டையில் வாங்கிக் கியர்பாக்ஸோடு ஏற்றியிருந்தார்கள். அது 80 குதிரைத்திறன். ஏற்றிய எட்டு மாதத்துக்குள் மூன்று பெட்ரோல் பம்ப், இரண்டு செட் பிளக், ஒரு இக்னிஷன் காயில், கடைசியாக ஒரு ஈசியூவும் மாற்றியாகிவிட்டது. எதை மாற்றினாலும் இரண்டு நாள் சரியாக ஓடும். மூன்றாம் நாள் ஆழியாறு தாண்டி, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவதொன்றில் மூச்சு முட்டும்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஜிப்சியும் கூட வரும். உங்கள் வண்டி வேறாக இருக்கலாம். கார்புரேட்டர் வண்டியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஏற்றிய எதற்கும் வழி ஒன்றேதான். இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் புது இன்ஜின் எண் ஏற்றுவது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆகியவற்றை முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

எங்கே சந்தேகப்படுவது

இழுவை விட்டு விட்டுப் போனால் எல்லாரும் முதலில் கை வைப்பது இன்ஜினில். செகண்ட் ஹேண்ட்தானே, எவன் எப்படி ஓட்டினானோ என்ற நினைப்பு. ஆனால் தேய்ந்த இன்ஜின் தினமும் தேய்ந்த மாதிரியே நடந்துகொள்ளும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டர் செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்துவிட்டு வியாழக்கிழமை கெட்டுப்போகாது. வந்து வந்து போகிற கோளாறு பெரும்பாலும் குடியிருப்பது பழைய வண்டியும் புது இன்ஜினும் சேருகிற இடங்களில்: பெட்ரோல் லைன், எர்த், ஹார்னஸில் வெட்டி ஒட்டிய ஜாயிண்ட், ஆக்ஸிலேட்டர் கேபிள், சைலன்சர் இணைப்பு. வண்டியைச் செய்த கம்பெனி இந்த இடங்களைச் சோதித்துப் பார்த்ததில்லை. அவை நம் பட்டறையில் பிறந்தவை.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு தாள் எடுத்துக்கொண்டு, இன்ஜின் ஏற்றியவரிடம் உட்காருங்கள். எதை வெட்டினார், எதை நீட்டினார், எதை விட்டுவிட்டார் என்று மூன்று வரிசை. மூன்றாவது வரிசைக்குத்தான் பதில் தயங்கித் தயங்கி வரும். சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஓட்டுபவரைப் பேச விடுங்கள்

வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அதைத் தினமும் ஓட்டுபவர். ஆனால் “பிக்கப் இல்ல” என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கிளறிக் கேட்க வேண்டும். சூடாவதற்கு முன்பா, பின்பா? ஏற்றத்திலா, சமதளத்திலா? எந்தப் பக்க வளைவில்? லைட் போட்டிருந்தபோதா? மழையிலா? நின்றபின் எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது? டேங்க்கில் எவ்வளவு இருந்தது?

கடைசிக் கேள்விதான் இந்த ஜிப்சியின் குட்டை உடைத்தது. உடனே அல்ல, அதற்கு நானும் ஒரு நாள் வீணடித்தேன். “டேங்க்ல எவ்வளவு இருந்துச்சுங்க?” என்று கேட்டதற்கு, “முள்ளு வேலை செய்யறதில்லீங்களே, இன்ஜின் மாத்துனதுல இருந்தே செத்துப் போச்சு” என்றார். பெட்ரோல் கேஜ் வயரை யாரும் இணைக்கவில்லை. அதை ஒரு சின்னக் குறையாக எழுதி வைத்துவிட்டு, நானும் மற்றவர்களைப் போலவே வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வண்டி மான் மாதிரி ஏறியது.

முதலில் ஒதுக்க வேண்டியவை

இழுவைக் குறைவு என்று வருவதில் பாதி, இன்ஜின் விஷயமே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி ஏறாமல் நின்றால் அது கிளட்ச் வழுக்கல். 45 குதிரைக்கான பழைய கிளட்ச் பிளேட்டை 80 குதிரைக்கும் மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு. கொஞ்ச தூரம் ஓட்டி, நான்கு வீல் டிரம்மையும் டிஸ்க்கையும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஆக்ஸிலேட்டர் கேபிள். உள்ளே ஒருவர் பெடலைத் தரை வரை மிதிக்க, நீங்கள் பானெட்டைத் திறந்து த்ராட்டில் பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். மிதியடியைச் சுருட்டி எடுத்துவிட்டு ஒரு முறை, போட்டு ஒரு முறை. முக்கால்வாசி திறப்பையே முழுத் திறப்பு என்று நினைத்து வருடக்கணக்காக ஓட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

உயரமும் ஒரு கணக்கு. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் இழுவை குறையும். சுமார் 3500 அடியில் இருக்கிற வால்பாறையில் எந்தப் பெட்ரோல் வண்டியும், டர்போ இல்லாவிட்டால், கடல்மட்டத்தில் இழுக்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் இழுக்கும். அது கோளாறில்லை. ஆனால் அது படிப்படியாகக் குறையும். வளைவில் திடீரென்று போகாது.

வெட்டா, வாடலா

இழுவை போகிற விதம் இரண்டு. சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று போய், அதே மாதிரி டக்கென்று திரும்பி வந்தால் அது கரண்ட் சமாச்சாரம்: எர்த், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிராங்க் சென்சார். வெட்டு விழும்போது தலையும் முன்னே ஆடும். மெதுவாக வாடி, முக்கி, ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் கொஞ்சம் உயிர் வந்து, மறுபடி வாடினால் அது பெட்ரோல், காற்று, அல்லது சைலன்சர் அடைப்பு. இந்தப் பிரிவு நூற்றுக்கு நூறு பொய்க்காதது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எந்தப் பக்கம் முதலில் போவது என்று காட்ட இது போதும்.

டேகோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சரேலென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கிராங்க் சிக்னலோ இக்னிஷனுக்கான கரண்ட்டோ போய்விட்டது. முள் ஒழுங்காக நின்று இழுவை மட்டும் போனால் பெட்ரோலைப் பாருங்கள்.

பழைய சுசுகி ஈசியூவாக இருந்தால், டயக்னோஸிஸ் கனெக்டரில் ஜம்பர் போட்டு, செக் இன்ஜின் லைட் மினுக்குவதை எண்ணலாம். 12 என்று மினுக்கினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். 12 வந்துவிட்டதே என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். எர்த் தளர்ந்ததையும் பெட்ரோல் பத்தாததையும் அந்தக் காலத்து ஈசியூ எழுதி வைப்பதில்லை. அந்த செக் லைட்டையே இணைக்காமல் விட்டிருந்தால், இன்றைக்கே இணையுங்கள்.

இரண்டு பல்பு, ஒரு கேஜ்

வந்து வந்து போகிற கோளாறை வந்திருக்கும்போதுதான் பிடிக்க முடியும். பட்டறையில் நிற்கிற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதற்காக நான் கையாளுவது இரண்டு சின்ன பைலட் லாம்ப். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மின்சாமான் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் லாம்ப் போதும்.

பச்சையை மெயின் ரிலேயிலிருந்து ஈசியூவுக்குப் போகிற வயரில் தட்டுங்கள். சிவப்பைப் பெட்ரோல் பம்ப்பின் முனையிலேயே, பம்ப்பின் பிளஸ்ஸுக்கும் பம்ப்பின் எர்த்துக்கும் குறுக்கே கொடுங்கள். பாடியில் எங்கோ ஓரிடத்தில் எர்த் கொடுத்தால் பாதி உண்மைதான் தெரியும். இரண்டு லாம்ப்பையும் டாஷ்போர்டில் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். இழுவை போகிற அந்த நொடியில் இரண்டும் அணைந்தால் மெயின் ரிலே, ஃபியூஸ், அல்லது இக்னிஷன் சுவிட்ச். சிவப்பு மட்டும் அணைந்தால் பம்ப் ரிலே, அல்லது ஈசியூ அதற்குக் கட்டளை கொடுக்கவில்லை. கிராங்க் சிக்னல் வராதபோது ஈசியூ பம்ப்பை நிறுத்திவிடும். அணையாமல் மங்கினால் எங்கோ வோல்டேஜ் கசிகிறது. இரண்டும் பளிச்சென்று எரியும்போதே வண்டி முக்கினால், கரண்ட்டை விட்டுவிட்டு பெட்ரோலுக்குப் போங்கள்.

பெட்ரோலுக்கு ஒரு பிரஷர் கேஜ். ஃபில்டருக்கும் ஃபியூயல் ரெயிலுக்கும் நடுவே டீ போட்டு, நீள ஹோஸில் கேஜை வெளியே கொண்டுவந்து, வைப்பருக்கு அடியில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும். கேஜை வண்டிக்குள்ளே கொண்டுவரக் கூடாது. 3 கிலோ அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல் ஹோஸ் உங்கள் மடிமேல் வெடித்தால் அப்புறம் சோதிக்க ஆளிருக்காது. லைனைக் கழற்றுவதற்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு அழுத்தத்தை இறக்குங்கள். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மலைப்பாதைச் சோதனைக்குத் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம்: ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், மற்றவர் கேஜைப் பார்க்க வேண்டும்.

இந்த வகை எம்பிஎஃப்ஐ இன்ஜினில், இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது கேஜ் ஏறக்குறைய 3 கிலோ காட்டும். ஐடிலில் ரெகுலேட்டருக்கு வேக்குவம் கிடைப்பதால் அரைக் கிலோ போல இறங்கும், பயப்பட வேண்டாம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது அது மேலே ஏற வேண்டும். அழுத்த அழுத்த இறங்கினால் பெட்ரோல் பத்தவில்லை. வேறு எந்த விளக்கமும் தேவையில்லை.

பெட்ரோல் வழி

கார்புரேட்டர் வண்டிக்கு டேங்க் செய்தவர்கள் எம்பிஎஃப்ஐயை நினைத்துச் செய்யவில்லை. பழைய இன்ஜினில் மெக்கானிக்கல் பம்ப் ஒன்று கால் கிலோ அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாக அனுப்பும். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். வளைவில் டேங்க்கின் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலும் ஃப்ளோட் சேம்பர் சமாளித்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. எம்பிஎஃப்ஐயில் அந்தச் சேமிப்பு இல்லை. ரெயிலில் இருக்கிற பெட்ரோல் ஒரு டம்ளர்கூட வராது. பம்ப் அரை நொடி காற்றைக் குடித்தால், அதே நொடியில் அழுத்தம் விழும். எம்பிஎஃப்ஐ வண்டிகளின் டேங்க்குக்குள் பம்ப்பைச் சுற்றி ஒரு கிண்ணமும் தடுப்பும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

நம் ஜிப்சியில் பழைய டேங்க், பழைய உறிஞ்சு குழாய். வெளியே சேஸிஸில் ஒரு எலக்ட்ரிக் பம்ப்.

வெறுங்கையோடு மலையிலிருந்து இறங்கி வந்த மறுநாள் காலையில், டீ குடித்துக்கொண்டே அவரிடம் கேட்டேன்: “வண்டிய பட்டறைக்குக் கொண்டார்றதுக்கு முன்னால பெட்ரோல் போடுவீங்களா?”

“போடாம எப்படீங்க? நீங்க ஓட்டிப் பாக்கணுமே. ஃபுல் பண்ணித்தான் கொண்டாருவேன்.”

முள் வேலை செய்யாத வண்டியை ஓட்டுபவர் அவர். தினம் ஒரு நடை வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கி ஏறுபவர். போக வர 130 கிலோமீட்டர். டேங்க் 40 லிட்டர், மைலேஜ் 10. பொள்ளாச்சியில் நிரப்பி ஏறும் நாளை முதல் நாளாக வைத்தால், மூன்றாம் நாள் ஏற்றத்தில் டேங்க்கில் மிஞ்சுவது கால்வாசிக்கும் கீழே. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கும்; கூடவே வளைவில் பக்கவாட்டிலும் ஒதுங்கும். உறிஞ்சு குழாயின் வாய் அங்கே அந்தரத்தில் நிற்கும். மூன்று பம்ப்பும் ஒரு ஈசியூவும் “வேலை செய்தது” எப்படி என்றும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறையை விட்டுப் போனது ஃபுல் டேங்க்கோடு.

எட்டு லிட்டரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வடித்தோம். மறுபடி ஏறினோம். ஒன்பதாவது வளைவு, வலது பக்கத் திருப்பம். இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. கேஜ் முள் 3 கிலோவிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது. வண்டி முக்கியது. வளைவு நிமிர்ந்ததும் முள் நடுங்கிக்கொண்டே மேலே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை. எட்டு மாதச் செலவை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இதற்கு இரண்டு மருந்து. உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற எம்பிஎஃப்ஐ டேங்க், உள்ளே பம்ப்போடு கிடைத்தால் அதைப் போடுங்கள். அதுதான் நேர் வழி. கிடைக்காவிட்டால் சர்ஜ் டேங்க்: ஒன்று, ஒன்றரை லிட்டர் பிடிக்கிற செங்குத்தான ஒரு சிறு டேங்க். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று பெரிய டேங்க்கிலிருந்து உறிஞ்சி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தப் பம்ப் அதன் அடியிலிருந்து எடுத்து ரெயிலுக்கு அனுப்பும். ரெயிலின் ரிட்டர்ன் சர்ஜ் டேங்க்குக்கே வரும். நிரம்பி வழிவது மேலே உள்ள குழாய் வழியாகப் பெரிய டேங்க்குக்குத் திரும்பும். முதல் பம்ப் நாலு நொடி காற்றைக் குடித்தாலும் கீழே பெட்ரோல் இருக்கும். இதை வண்டிக்குள் சீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்பவர் உண்டு. நான் சேஸிஸில் வெளியே, கல்லடி படாத இடத்தில் தகடு மறைத்துத்தான் வைப்பேன்.

பெட்ரோல் வழியில் இன்னும் சில திருட்டு இடங்கள் உண்டு.

அழுத்தப் பம்ப்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்ச அவ்வளவாகத் தெரியாது. டேங்க் மட்டத்துக்கு மேலே அதை மாட்டினால், வெயிலில் நின்ற வண்டியில் லைனிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப் காற்றடைத்துக்கொண்டு கத்தும். பம்ப் திடீரென்று சத்தம் மாற்றிக் கீச்சிட்டால் அது காற்றைக் குடிக்கிறது.

பழைய டேங்க்கில் துரு உண்டு. ஓடும்போது துருவும் கசடும் உறிஞ்சு வாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்று பத்து நிமிடம் ஆனால் உதிர்ந்து அடியில் படிந்துவிடும். வண்டி “தானாகவே” சரியாகும். அரை மணி ஓட்டம், பத்து நிமிட ஓய்வு என்று ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிற கோளாறில் முதலில் இதைப் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே நாடகம்தான்: நின்றவுடன் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மூடியைத் தளர்த்தி வைத்து மெதுவாக ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். காசில்லாத சோதனை.

ரப்பர் ஹோஸ். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காகச் செய்யப்படாத பழைய ஹோஸின் உட்சுவர் ஊறி, உப்பி, உரியும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். உறிஞ்சும்போது உள்ளே ஒரு நாக்கு மடங்கி வழியை மூடும், நிறுத்தினால் திறக்கும். உறிஞ்சு பக்க ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்கள். சந்தேகம் வந்த ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். ஒரு முறை பார்த்தால் அப்புறம் பழைய ஹோஸை மறுபடி மாட்டக் கை வராது.

பம்ப் நல்லதா என்று தெரிய, ரிட்டர்ன் ஹோஸைத் துணி வைத்து ஒரே ஒரு நொடி நசுக்கிப் பாருங்கள். நல்ல பம்ப்பானால் கேஜ் பாய்ந்து ஏறும். ஏறாவிட்டால் பம்ப், அல்லது பம்ப்புக்கு வருகிற கரண்ட்.

எர்த்

சர்ஜ் டேங்க் போட்டு அனுப்பிய ஜிப்சி மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பகலில் தங்கமாக ஓடுகிறதாம். ராத்திரி மழையில் மட்டும் ஏற்றத்தில் இழுவை குறைகிறதாம். பல்புகளைக் கழற்ற வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன். “செவப்பு லைட் மங்குதுங்க” என்று அவரே கண்டுபிடித்து வந்திருந்தார்.

ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு, இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து அளந்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட். பம்ப் முனையில் 10.9. கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், சென்சார் கணக்கும் பிசகும்.

காணாமல் போன வோல்ட்டைத் தேடும் முறை இது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இன்ஜின் ஓடும்போது எல்லா லோடும் போட்டு, ஈசியூவின் எர்த் முனையில் 0.1 தாண்டக் கூடாது. பிறகு பாடி, பிறகு சேஸிஸ், பிறகு பம்ப்பின் எர்த். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கே கோளாறு. ஓம்ஸ் வைத்துப் பார்ப்பது இதற்குப் பயன்படாது; ஒரே ஒரு இழை மிஞ்சிய வயர்கூட ஓம்ஸில் நல்ல வயர் மாதிரிதான் காட்டும். லோடு போட்டால்தான் அதன் லட்சணம் தெரியும்.

இந்த வண்டியில் பிளாக்கில் 1.9 வோல்ட். காரணத்தைக் கை கண்டுபிடித்தது: ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற தட்டையான எர்த் பட்டையை இன்ஜின் ஏற்றியபோது திரும்ப மாட்டவில்லை. எழுதி வைக்கச் சொன்ன தாளின் மூன்றாவது வரிசை நினைவிருக்கிறதா? கரண்ட் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. இப்படியே விட்டால் கேபிளின் உள் உறை உருகி, ஒரு நாள் த்ராட்டில் திறந்தபடி சிக்கிக்கொள்ளும்.

பேட்டரி மைனஸிலிருந்து பிளாக்குக்கு நேராக ஒரு தடித்த கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை, பாடியிலிருந்து சேஸிஸுக்கு இன்னொன்று. பம்ப்புக்குச் சொந்தமாக ஒரு எர்த் வயர். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி தெரிந்த பிறகு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஈசியூவின் எர்த் வயர்கள் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டில் சேரும். இன்ஜின் விற்பவர் ஹார்னஸைப் பிடுங்கும்போது அந்த வளையத்தை அறுத்துத்தான் கொடுப்பார். அதைத் தேடிப் பிடித்து அதே இடத்தில் மாட்டுங்கள்.

ஆடுகிற வயர்

லோடு ஏறும்போது இன்ஜின் மவுண்ட்டில் சாயும். கண்ணால் பார்க்க ஆசையிருந்தால்: ஹேண்ட்பிரேக், முன் வீலுக்குக் கட்டை, எதிரே யாரும் நிற்கக் கூடாது, ஒருவர் இரண்டாம் கியரில் கிளட்ச்சை லேசாகக் கடிக்க விடட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், இன்ஜின் ஓரங்குலம் போலத் தூக்கிச் சாயும். அந்த ஓரங்குலத்துக்கு ஹார்னஸில் தளர்வு விட்டிருக்கிறார்களா? விடாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு கனெக்டர் பின் இழுபட்டு, இறக்கத்தில் திரும்ப உட்காரும்.

ஐடிலில் ஓட விட்டு ஹார்னஸை முழம் முழமாகக் கையால் ஆட்டிக்கொண்டே போங்கள். இன்ஜின் தடுமாறுகிற இடத்தில் நிறுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று அங்கே இருக்கும். சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்திருக்கும். வெட்டி, கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சாவிக்கொத்தையும் ஆட்டிப் பாருங்கள். முப்பது வருடப் பழைய இக்னிஷன் சுவிட்ச் இப்போது ஈசியூ, காயில், பம்ப் எல்லாவற்றையும் சுமக்கிறது என்றால், அது தேய்ந்ததில் ஆச்சரியம் இல்லை. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். பாரத்தை ரிலே சுமக்கட்டும்.

மிச்சம்

சூடானால் செத்து, ஆறினால் பிழைப்பது கிராங்க் சென்சார், கேம் சென்சார், இக்னிட்டர் ஆகியவற்றின் பழக்கம். நின்ற வண்டியில் சென்சார் மேல் ஈரத்துணி போட்டு ஆற்றி உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிவிட்டால் மறுநாள் ஹேர் டிரையரால் அதை மட்டும் சூடாக்கி மீண்டும் நிற்க வைத்து உறுதி செய்யுங்கள். சென்சார் வயரைச் சுற்றி வருகிற கவச உறையை வெட்டி ஒட்டியிருந்தால், பிளக் வயரின் இரைச்சல் அதில் ஏறும்.

மேப் சென்சாரின் வேக்குவம் குழாய் வெடித்தால் கரும்புகையோடு இழுவை போகும். இரண்டடி ரப்பர் குழாய்தான், மாற்றிவிடுங்கள்.

சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து, துண்டு உருண்டு வழியை அடைப்பதும் விட்டு விட்டு வரும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் கலகலக்கும். வேக்குவம் கேஜ் வைத்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால், அடைப்பிருந்தால் முள் மெல்ல மெல்ல இறங்கும். ஐடிலில் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் சரி. ஆயிரம் அடிக்கு ஓரங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் 15 காட்டினால் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு கோளாறைச் சரி செய்தபின் அடுத்ததைத் தேடுவதற்கு முன், அதே ரோட்டில், அதே அளவு பெட்ரோலில், அதே லோடில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நாலு பாகம் மாற்றினால் எது மருந்து என்று உங்களுக்கே தெரியாது. இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டர் ஓரிரண்டு மிதிக்குத்தான் உதவும் என்பதையும் ஓட்டுபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எர்த் போட்ட பிறகு, எல்லா லோடும் போட்டுப் பம்ப் முனையில் அளந்தபோது 13.3 வோல்ட் காட்டியது. பெட்ரோல் கேஜ் வயரையும் இணைத்துக் கொடுத்தேன். கழற்றிப் போட்ட பாகங்களை எல்லாம் அவர் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதிலிருந்த மூன்று பம்ப்பையும் வரிசையாகச் சோதித்தேன். மூன்றும் நல்ல பம்ப். முதன்முதலில் இன்ஜினோடு வந்ததைத்தான் இப்போது சர்ஜ் டேங்க்குக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.